இருபத்தொரு குதிரை

பாகிஸ்தான் சண்டைக்காகப் பம்பாய் முழுக்க விளக்கணைத்த வருஷம் அது. சண்டை நின்று இரண்டு மாதமாகியும் அந்தச் சின்னக் காரின் முன்விளக்குகளில் மேல்பாதிக் கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. அதைச் சுரண்ட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்ஜினிலேயே கிடந்தேன்.

அப்போது தாராவியில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தேன். தகரக் கூரை, மூன்று பக்கமும் கோணிப்படுதா, எண்ணெய் ஊறி ரப்பர்போல் ஆகிவிட்ட மண்தரை. பட்டறைக்காரர் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட எட்டு வயது பெரியவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். வண்டி கொண்டுவருகிறவர்கள் மிஸ்திரி என்பார்கள். காதுதான் அவருக்கு எல்லாம். ஓடுகிற இன்ஜினில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சந்தில் மற்றப் பட்டறைக்காரர்களே அவரைக் கூப்பிட்டுப் போவார்கள்.

எனக்கு இருபத்து மூன்று வயது. எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு டிக்கெட் இல்லாமல் ரயிலேறியவன். மாட்டுங்காவில் ஓட்டலில் தட்டு கழுவினேன். தாராவியில் தோல் ஊறும் தொட்டிகளில் இறங்கி நின்றேன். கால் நகம் இரண்டு போயிற்று, பிறகு முளைத்தது. பாண்டுப்பில் ஒரு கம்பெனியில் இரும்புச் சீவல் அள்ளினேன். முலுண்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்துக்குக் காவல் இருந்தேன். எங்கும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் காலையில் போக வேண்டும்போல் இருக்கும், போய்விடுவேன். அண்ணாச்சியின் பட்டறையில் மட்டும் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பிரித்துப் போட்ட இன்ஜினை மறுபடி பூட்டி, அது முதல் தடவை உறுமுவதைக் கேட்டால் எனக்கு எங்கும் போகத் தோன்றாது. ஆனால் அதுவரை தனியாக நான் ஒரு இன்ஜினைப் பூட்டியதில்லை. அண்ணாச்சி பூட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன்.

கார் மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு சாருடையது. பாலக்காட்டுக் குடும்பம். செம்பூரில் பெரிய கம்பெனி ஒன்றின் ஆபீஸில் வேலை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளைப் பொறுக்கி வாங்கிப் படிப்பார். உருண்டை முதுகும் குட்டி இன்ஜினுமாக இருந்த தன் கார் தினமும் காலையில் செம்பூர் ரோட்டில் எல்லா வண்டிகளுக்கும் வழிவிட்டுக்கொண்டே போவது அவருக்குப் பொறுக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். கம்பெனிக்காரன் புத்தகத்தில் அந்த இன்ஜினுக்கு முப்பது குதிரைசக்தி என்று போட்டிருந்தான். அதை நாற்பதாக்கித் தர வேண்டும் என்று பத்திரிகைப் படங்களைக் கொண்டுவந்து அண்ணாச்சியிடம் காட்டினார்.

அண்ணாச்சிக்கு அந்த மாதிரி வேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். இன்ஜின் தலையை லேத்தில் கொடுத்துச் சீவி இறக்கினார். காற்று போகிற வழிகளை அரம் வைத்து வழவழவென்று ஆக்கினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைக்க ஏற்பாடு செய்தார். சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க் குழாய் போட்டார். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை ஒரு சங்கிலிச் சக்கரம் ஓட்டும். அதன் பற்கள் தேய்ந்திருந்ததால் குர்லாவில் பழைய சாமான் கடையில் அதே அளவில் வேறொன்று எடுத்து வந்தார். அந்தச் சக்கரத்தில் எந்தப் பல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கம்பெனியில் அடித்திருந்த புள்ளி தேய்ந்து மறைந்திருந்தது. அண்ணாச்சி ஒரு முழுநாள் உட்கார்ந்து, பிளக் துளைவழியாகக் கம்பியை விட்டுப் பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடித்து, அட்டையில் பாகை குறித்து, சங்கிலியின் கீழ்ச் சக்கரத்தில் தேயாமல் இருந்த கம்பெனிப் புள்ளிக்கு நேராக நிற்க வேண்டிய பல்லைப் பிடித்தார். அந்தப் பல்லின் மேல் தீக்குச்சியால் செந்தூரம் தொட்டு மார்க் வைத்தார். பேரிங் சுரண்டும்போது மேடு பார்ப்பதற்காக எண்ணெயில் குழைத்து வைத்திருக்கும் செந்தூரம் அது. எங்கள் பட்டறையில் எந்த மார்க்குக்கும் அதுதான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு டாக்சியைக் கைப்பிடி போட்டுச் சுற்றும்போது இன்ஜின் திருப்பி அடித்தது. அண்ணாச்சிக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துபோயிற்று. சயான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வந்து உட்கார்ந்து, பலகையில் பரப்பி வைத்திருந்த அந்தக் கார் இன்ஜினின் சாமான்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயே பூட்டுல. மார்க்குக்கு நேரா மார்க்கு. வேற ஒண்ணும் யோசிக்காத."

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷம்தான்.

பூட்டத் தொடங்குவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. பட்டறையில் உள்ள ஒவ்வொரு பானாவையும் கழுவித் துடைக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். பானா என்றுதான் பம்பாயில் ஸ்பானரைச் சொல்வோம். ஒரு தகர டின் மண்ணெண்ணெயில் சுத்தியல், அரம், ஜாக்கி எல்லாவற்றையும் முக்கித் தேய்த்தேன். பலகையில் இருந்த இன்ஜின் சாமான்களையும் விடவில்லை. நான் பூட்டப்போகும் முதல் இன்ஜின் அல்லவா, கண்ணாடிபோல் ஆக்கினேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பொட்டு. எண்ணெய் பட்ட இரும்பில் குங்குமம் நிற்காது, உதிர்ந்துவிடும். அதனால் அந்தச் செந்தூரத்தையே தொட்டு வைப்பது எங்கள் வழக்கம்.

சார் பட்டு வேட்டியோடு வந்திருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து பூவும் பழமும் கொண்டுவந்தார். பலகைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"இன்ஜின் சாமான் ஒண்ணையும் விட்டுடாதே, கேட்டியோ? எல்லாத்துக்கும் வை."

நான் விடவில்லை. நட்டுக்குக்கூட வைத்தேன். மோதிர விரலால் சாமி படத்துக்கு வைப்பதுபோல் வட்டமாக வைத்தேன். மறுநாள் எதையும் தொடக்கூடாது. அதற்கு மறுநாள் பூட்ட உட்கார்ந்தேன்.

நான்கு நாளில் முடிந்தது. அண்ணாச்சி மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்குக்கு நேராக மார்க் வைத்துச் சங்கிலியைப் போட்டேன். இன்ஜின் ஓடியபோது தகரக் கூரை அதிர்ந்தது. நேர்க் குழாய், இரண்டு கார்புரேட்டர். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். அண்ணாச்சி இடது கையால் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். எனக்கு அது போதும்.

காலையில் அந்த இன்ஜின் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மெதுவாக ஓட்டினால் கார்புரேட்டர்கள் தும்மும். பந்தய இன்ஜின் அப்படித்தான் இருக்கும் என்று சாரிடம் நான்தான் சொன்னேன். யாரோ சொல்லிக் கேட்டதைச் சொன்னேன். அவரும் பத்திரிகையில் அப்படிப் படித்திருப்பதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகச் செம்பூர் ரோட்டில் போனோம். குழாய் போட்ட சத்தத்தில் முன்னால் போன வண்டிகள் பயந்து ஒதுங்கின. பறக்கிறது என்றார் சார். பறக்கிறது என்றோம் நாங்களும். அப்படித்தான் எங்களுக்குத் தோன்றியது. அதில் பொய் இல்லை.

நாற்பது வந்துவிட்டது என்று அண்ணாச்சி சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். சார் அதற்கு மேலும் போக வேண்டும் என்றார். வால்வு தண்டையே மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. ஆனால் அதைத் தொடுமுன் இப்போது இருக்கும் சக்தியை மெஷினில் வைத்து அளந்து அடிப்படை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து செய்வது ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது என்று பத்திரிகையில் எழுதியிருந்ததாம். மாட்டுங்காவில் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கான ஒரு கல்லூரியின் சோதனைக் கூடத்தில் டைனமோமீட்டர் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த மராட்டிக்காரர் சாருடைய மாடிக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

இதைச் சொல்ல வந்த அன்றுதான் சார் அண்ணாச்சியின் கையைச் சரியாகக் கவனித்தார். மாவுக்கட்டை முன்பே பார்த்திருந்தும் அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கட்டுப் பிரித்து வெளுத்துப்போயிருந்த கை. என்றைக்குக் கட்டுப் போட்டது என்று கேட்டார். ஆபீஸ் கடிதங்களில் தேதி பார்த்துப் பழகிய மனிதர்.

"கை ஒடிஞ்சது பூஜைக்கு முன்னாடின்னா, பூட்டினது யாரு மிஸ்திரி?"

அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. என்னைக் காட்டினார். சாருடைய முகம் மாறிப்போயிற்று. எதுவரை படித்தவன் என்று என்னைக் கேட்கவில்லை, அண்ணாச்சியைக் கேட்டார். எட்டாவது பாதி என்று நானே சொன்னேன். தன் வண்டியை ஊர் சுற்றி ஒருவன் கையில் கொடுத்துவிட்டுத் தன்னிடம் மறைத்துவிட்டதாகச் சொன்னார். சத்தம் போடவில்லை. அதுதான் அண்ணாச்சிக்குச் சுட்டது.

"சனிக்கெழம மெஷின் சொல்லட்டும் சார். முப்பதுக்குக் கீழ நின்னுட்டுன்னா இவன் மறுநாள் என் பட்டறையில இருக்க மாட்டான். நான் ஒத்தக் கையால பிரிச்சு நானே பூட்டித் தாரேன். இது வாக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். முப்பதுக்குக் கீழே நிற்பதாவது என்ற சிரிப்பு. எனக்கும் பயமில்லை. நாற்பது என்று சந்துக்கே தெரியும்.

மெஷினில் இன்ஜினை மட்டும்தான் ஏற்ற முடியும். சனிக்கிழமை காலையில் அதை வண்டியிலிருந்து இறக்கி, கோணி சுற்றி, ஒரு கைவண்டியில் கட்டினோம். கைவண்டிக்காரர் முன்னால் இழுக்க, நானும் அண்ணாச்சியும் பின்னால் தள்ளிக்கொண்டு சயான் வழியாகப் போனோம். மேட்டில் அண்ணாச்சி நல்ல கையைக் கொடுத்துத் தள்ளினார். கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டல் வாசலில் காபிக்கு நின்றவர்கள் கோணிக்குள் என்ன என்று கேட்டார்கள். நாற்பது குதிரை என்றார் அண்ணாச்சி. முன்பு நான் தட்டு கழுவிய ஓட்டல் அது. கல்லாவில் இருந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அது நன்றாகவே இருந்தது.

சார் பஸ்ஸில் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். சோதனைக் கூடத்துக்காரர் வெள்ளைக் கோட்டும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். பம்பாய் இந்தியில்தான் பேசினார். இன்ஜினை இரும்பு மேடையில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் தண்டை ஒரு பெரிய இரும்பு உருண்டையோடு இணைத்தார். அந்த உருண்டைக்குள் தண்ணீர் போகும். ஓடுகிற இன்ஜினைத் தண்ணீர் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த இழுப்பு ஒரு இரும்புக் கையில் ஏறி, தராசு முள்ளைத் தள்ளும். முள் காட்டும் எடையையும் இன்ஜின் சுற்றும் வேகத்தையும் பெருக்கிக் கணக்குப் போட்டால் குதிரைசக்தி வந்துவிடும். இதையெல்லாம் எனக்கு நிதானமாகச் சொன்னார். பிறகு ஒரு பெரிய நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பஹிலே கித்னா தா?" என்றார். முன்பு எவ்வளவு இருந்தது?

தலையைச் சீவுவதற்கு முன், அரம் போடுவதற்கு முன், இந்த இன்ஜின் எவ்வளவு இழுத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சார் முப்பது என்றார். அது புத்தகத்தில் கம்பெனிக்காரன் எழுதியது, இந்த இன்ஜின் எவ்வளவு என்று சோதனைக் கூடத்துக்காரர் மறுபடியும் கேட்டார். நோட்டில் அந்த எண்ணுக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அப்படியானால் இன்றைக்கு வருவதுதான் இதன் அடிப்படை அளவு, இனி எது செய்தாலும் இதோடு ஒப்பிடுங்கள் என்றார்.

இன்ஜின் மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. கூடம் முழுக்கச் சத்தம். அண்ணாச்சி பெருமையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் ஒரு சக்கரத்தைத் திருகித் தண்ணீரைக் கூட்டினார். சத்தம் இறங்கியது. முள் கொஞ்சம் ஏறி நின்றது. ஒரு எண்ணைக் குறித்தார். வேகத்தைக் கூட்டினார், மறுபடி தண்ணீர், மறுபடி குறித்தார். இப்படி ஆறேழு தடவை. ஒவ்வொரு தடவை தண்ணீர் பிடிக்கும்போதும் இன்ஜின் தொண்டை அடைத்தவன்போல் இருமிற்று. ரோட்டில் நாங்கள் கேட்காத இருமல் அது. அல்லது கேட்டும் கேட்காத இருமல்.

நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டார். இன்னொரு தடவை போட்டார். முள்ளின் கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"இக்கீஸ்."

இந்தியில் இருபத்தொன்று. எனக்கு எண்கள் இந்தியில் நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் அது என்ன எண் என்று எனக்குப் புரியவில்லை. இருபதுக்கு மேல் எது, முப்பதுக்குக் கீழ் எது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தொட்டியில் நகம் போனபோதுகூட என் கால் அப்படி மரத்துப்போனதில்லை. சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அண்ணாச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்றார். கண்ணாடிக்காரர் கோபப்படவில்லை. ஐந்து கிலோ எடைக்கல் ஒன்றை எடுத்து இரும்புக் கையில் தொங்கவிட்டார். முள் ஐந்தில் போய் நின்றது. இன்னொன்றைத் தொங்கவிட்டார். பத்து.

கட்டியிருந்த கைகளை அண்ணாச்சி இறக்கிக்கொண்டார்.

புது வேலை எல்லாம் போட்ட இன்ஜின் பழைய டாக்சி இன்ஜினைவிடக் கீழே இருக்கிறது. ஆறு வாரமாக அதில் ஏறி உட்கார்ந்து பறக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். எனக்குள் அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. நாளைக்கு நான் பட்டறையில் இருக்க மாட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேண்டுமென்று நானே எத்தனையோ இடத்தை விட்டுப் போயிருக்கிறேன். போகச் சொல்லி ஒரு இடத்தை விட்டுப் போக வேண்டியிருப்பது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்காரர் பிளக்குகளைப் பார்த்தார், கார்புரேட்டரைப் பார்த்தார். வால்வு திறக்கும் நேரம் பிசகியிருக்கிறது என்று சந்தேகப்பட்டார். சங்கிலியை யார் போட்டது என்று கேட்டார். நான் என்றேன். மார்க்கைத் தானே வைத்ததாகவும் அது தப்பாது என்றும் அண்ணாச்சி சொன்னார். திறந்து பார்த்துவிடலாம் என்று அவரே பானாவை என் கையில் கொடுத்தார்.

மேடையில் இருக்கும்போதே முன்பக்கத்து மூடியைக் கழற்றினேன். மூடி வந்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தோம். கீழ்ச் சக்கரத்தில் கம்பெனிப் புள்ளி. அதற்கு நேராக மேல் சக்கரத்தில், எண்ணெயில் பாதி கரைந்தும் பற்களின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு, சிவப்பு.

"பாருங்க சார். மார்க்குக்கு நேரா மார்க்கு இருக்கு," என்று அண்ணாச்சி சாரைக் கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து தீக்குச்சி எடுத்து அந்தச் சிவப்பை மெதுவாகச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் அடியில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது. அதைக் குச்சி முனையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். எண்ணெய் நாற்றத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் மோந்தார்.

"ஏல, இது நான் வச்சது இல்ல."

"செந்தூரம்தான அண்ணாச்சி."

"செந்தூரந்தாம்ல. அடியில பாரு. மார்க்கு வைக்கதுக்கு நான் சந்தனம் எதுக்குல வைக்கேன்?"

அப்போதுதான் எனக்கு அந்த மண்ணெண்ணெய் டின் ஞாபகம் வந்தது. அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து நான் தேய்த்த தேய்ப்பும். அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்த மார்க்கை, பூஜைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் கழுவி விட்டிருந்தேன். பிறகு நானே பொட்டு வைத்தேன். சக்கரத்தின் நடுத் துளையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதற்கு நேர் மேலே உள்ள பல், பார்க்க நெற்றிபோல் இருந்தது. அங்கே சந்தனம், அதன் மேல் செந்தூரம். இரண்டு நாள் கழித்துப் பூட்ட உட்கார்ந்தபோது அதையே அண்ணாச்சியின் மார்க் என்று எடுத்துக்கொண்டேன். அறுபது எழுபது பொட்டு வைத்தவனுக்கு எது பொட்டு எது மார்க் என்று தெரியவில்லை. அவருடைய மார்க் அதற்குப் பக்கத்துப் பல்லில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு பல். இன்னும் தள்ளி வைத்திருந்தால் இன்ஜின் ஓடியே இருக்காது. அன்றே தெரிந்திருக்கும்.

நான் சொன்னேன். கழுவியதையும் பொட்டு வைத்ததையும், ஒன்று விடாமல். அண்ணாச்சி அடிப்பார் என்று நினைத்து, சொல்லும்போதே முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. தன் காதைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஆறு வாரம் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுத் தலையாட்டிய அந்தக் காது. நான் செய்த தப்பைவிட அதுதான் அவரை அடித்துப் போட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கண்ணாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. என்ன ஆயிற்று என்று சாரைக் கேட்டார். சார் எழுந்து வந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இங்கிலீஷில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு தமிழில், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"ஒண்ணையும் விட்டுடாதேன்னு சொன்னது நானாக்கும்."

பிறகு அவர் கண்ணாடிக்காரருக்கு முழுவதையும் விளக்கினார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மெஷின்களுக்கு மராட்டிக்காரர்களும் தசராவுக்குப் பூ வைக்கிறவர்கள்தான். திரும்பி, கூடத்தில் இருந்த தன் மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்தார். நோட்டில் வால்வு ஒரு பல் பிந்தி என்று மட்டும் எழுதினார்.

அண்ணாச்சி அட்டை கேட்டார், கம்பி கேட்டார். வெளுத்துப்போன கையால் கம்பியை விட்டுப் பிஸ்டனின் உச்சியைப் பிடித்து, மறுபடியும் பாகை குறித்தார். ஒன்றரை மணி நேரம். சரியான பல்லைக் கண்டதும் உளியும் சுத்தியலும் வாங்கி அதில் ஒரு வெட்டு வெட்டினார். சங்கிலியை என்னைப் போடச் சொல்லவில்லை. அவரே போட்டார். மூடியை மட்டும் நான் போட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் முன்பைவிடக் குறைவாக இருந்தது. தண்ணீர் பிடித்தபோது இருமவில்லை. கணக்குப் போட்டபோது முப்பத்து நான்கு வந்தது. நாற்பது இல்லை. ஆனால் முப்பதுக்கு மேல். முதல் கணக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். அளந்ததை அழிக்கிற வழக்கம் இங்கே இல்லை என்று சொல்லி அவர் இரண்டையும் தனித்தனித் தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். கிங்ஸ் சர்க்கிளில் காலையில் பார்த்த ஒருவன் நாற்பது குதிரையும் ஓடுச்சா என்று கேலியாகக் கேட்டான். அண்ணாச்சி வண்டியை இன்னும் வேகமாகத் தள்ளினார். சார் பஸ் ஏறுவதற்கு முன் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னார். என்னைப் பற்றி என்று தெரிந்தது. அந்த ஆள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் துணிப்பையைக் கட்டினேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை. பட்டறைக்குப் போனபோது அண்ணாச்சி அந்த இன்ஜினை வண்டியில் இறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். என் பையைப் பார்த்தார்.

"வாக்கு குடுத்தாச்சு. முள்ளு கீழ நின்னுட்டு. பானாவ வச்சிட்டுப் போ."

எனக்கென்று தனியாக இருந்த பானாக்களைப் பலகையில் வரிசையாக வைத்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கோணிப்படுதாவை விலக்கினேன். பாண்டுப்புக்குப் போவதா, வேறெங்காவது போவதா என்றுகூட யோசிக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது.

"தம்பி," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பதினான்கு மாதத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. "இங்க ஒரு ஆளு தேவப்படுது. இன்ஜின் பூட்டத் தெரியுமா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இன்ஜினைத் தூக்கும் சங்கிலி பிளாக்கை இழுத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அந்த எண்ணைக் கேட்டபோது நின்றதைப்போலவே நின்றேன். ஒன்று பூட்டியிருக்கிறேன் என்றேன்.

"எத்தன குதிர இழுத்துச்சு?"

என்னிடம் இரண்டு எண் இருந்தது. இரண்டாவதில் சங்கிலி போட்டது நானில்லை.

"இருபத்தொண்ணு."

அவர் சங்கிலியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பைய உள்ள வையி. மொதல்ல அந்த லைட்டுல இருக்க கறுப்பச் சுரண்டு."